நாச்சிமுத்துவின் மூன்றாவது ஸ்கிரீன்

"லேப்டாப் எங்கீங்கண்ணா?"

"பெருந்துறைக்குப் போயிருக்குதுங்க அம்மிணி. டையிங் பட்டறையில கேட்டாங்க, குடுத்துவிட்டேன்."

"போன வருசமும் பெருந்துறை. அதுக்கு முந்தின வருசமும் பெருந்துறை. அங்கயே அதுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சரலாம்."

நாச்சிமுத்து மேசைக்குக் கீழே எதையோ காலால் தள்ளினார். மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திருப்பூரில் நாற்பது கம்பெனிகளின் ஸ்கிரீன்களைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமம் அவளிடம் இருந்தது. இருபத்திரண்டு வருட வேலை. ஒளித்து வைத்த லேப்டாப்பைக் கண்டுபிடிக்க அவள் எழுந்து தேட வேண்டியதில்லை. மேசைக்குக் கீழே பனியன் துணித் துண்டுகள் திணித்த ஒரு சாக்கு. சாக்கின் வாயில் மெல்லிய வெளிச்சம்.

"சாக்குக்குள்ள பொழுது விடிஞ்சிருக்குதாட்ட இருக்குதுங்களே."

அவர் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவசரத்தில் சரியாக மூடாமல் விட்டிருந்தார். ஸ்கிரீனின் வலது மூலையில் சிவப்பில் தேய்மான எண் எரிந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்று.

"அண்ணா."

"தெரியுமுங்க."

"இருபத்தஞ்சுலயே மாத்தோணும்."

"தெரியுமுங்க அம்மிணி. இது எனக்கு மூணாவது."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. செவ்வந்தி நிட்ஸ் என்ற அந்தக் கம்பெனியின் சுவரில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில், அந்த விதி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மூன்று ஸ்கிரீன்களைத் தேய்த்தவருக்கு நான்காவது தரப்படாது. லேப்டாப் இல்லாமல் அங்கே யாருக்கும் வேலை இல்லை என்பதால், அதன் அர்த்தம் வீட்டுக்குப் போகலாம் என்பதுதான். மூன்றாவதை நெருங்கியவர்களுக்கு ஊரெல்லாம் ஒரு பெயரும் இருந்தது. ஸ்கிரீன் தின்னி.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தேழு. ஷேடு பார்க்கிறவர். சாயம் போட்ட துணியின் நிறத்தை மிஷின் அளந்து அனுப்பும். துணி வாங்கும் பையர் கேட்ட நிறமும் வந்த நிறமும் ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எண்ணை மிஷின் சொல்லிவிடும். ஆனால் கண்ணுக்கு ஒத்து வருகிறதா என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று பையரின் ஒப்பந்தத்தில் இருந்தது. செவ்வந்தி நிட்ஸில் அந்த மனிதர் இவர்.

"நீங்க பாக்காத மாதிரி போயிருங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "உங்க உரிமம் போயிரும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நானென்ன ஸ்கிரீனப் போட்டுத் தேங்காயா தொருவறேன்? அந்த மேனேஜர் தரணிதரன் நாளெல்லாம் இதையேதான் பாக்கறாரு. ரெண்டு வருசத்துல பதினாலுதான் ஏறியிருக்குது. எனக்கு மட்டும் ஏனுங்க?"

"வயசானவங்க கையில சீக்கிரம் தேயும்ணா. எங்க தொழில்ல எல்லாரும் சொல்றதுதான்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

ஏன் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. விரலில் எண்ணெய் அதிகம், அழுத்தித் தொடுகிறார்கள், வெளிச்சத்தைக் கூட்டி வைக்கிறார்கள் என்று தொழிலில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"சும்மா ஒருக்கா பாத்தரலாம்" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஸ்கிரீன் முழுக்க வெறும் சாம்பல் நிறத்தைக் கொண்டுவந்தாள். பிறகு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னுங்க தேடறீங்க?"

"கீழ இந்தப் பட்டை இருக்குதல்லங்க, ஐகான் எல்லாம் வரிசையா நிக்கறது. அது வருசக்கணக்கா ஒரே எடத்துல எரியும். ஸ்கிரீன் தேஞ்சா அந்த எடத்துல நெழலாட்ட ஒரு தழும்பு விழும். நாப்பத்தொண்ணுன்னா நல்லா ஆழமா விழுந்திருக்கோணும்."

"விழுந்திருக்குதுங்களா?"

"இல்லீங்களே." அவள் மறுபடி பார்த்தாள். "சுத்தமா இருக்குது."

அவள் பையின் அடியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு கருவியை எடுத்தாள். ஸ்கிரீன்மீது ஒட்டி வைத்தால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று சொல்லும் லைட் மீட்டர். எண்ணை ஸ்கிரீனே சொல்லத் தொடங்கிய பிறகு அதை யாரும் தொடுவதில்லை. அவளும் தூக்கிப் போட மனமில்லாமல்தான் வைத்திருந்தாள்.

"அண்ணா, ஈட்ட ஒரு நிமிசம் நிறுத்தறேன். அப்பத்தான் ஸ்கிரீனோட சொந்த வெளிச்சம் தெரியும்."

"ஈடுன்னா இந்த எண்ணுங்களா?"

"ஆமாங்க. இந்த ஸ்கிரீன்ல நீலந்தான் மொதல்ல மங்கும். மங்கறது ஸ்கிரீனுக்கு எப்படித் தெரியுது? மேல இருக்கற கேமரா உங்க கண்ணப் பாத்துட்டே இருக்குது. நீலத்தக் காட்டறப்ப உங்க கண்ணுப் பாப்பா எவ்வளவு சுருங்குதுன்னு பாக்கும். சுருக்கம் கொறஞ்சா, அடடா நம்ம நீலம் மங்கிருச்சுன்னு நெனச்சுட்டு, கொஞ்சம் கூட்டிக் காட்டும். எவ்வளவு கூட்டுச்சோ அதான் ஈடு. இப்ப நிறுத்தறேன்."

நிறுத்தினாள். நாச்சிமுத்து முன்னால் குனிந்தார். சாம்பல் போய், அவர் காலையில் பார்த்துக்கொண்டிருந்த ஆர்டர் ஸ்கிரீனில் இருந்தது. பையர் கேட்ட கருநீலம் இடப்பக்கம், கறுப்பு வலப்பக்கம்.

"நீலம் எங்க போச்சுங்க?"

"எங்கயும் போகலீங்களே. இங்கதான் இருக்குது. கொஞ்சம் அடங்குனாப்பல இருக்குது, அவ்வளவுதான்."

"ரெண்டும் கறுப்பாத்தான இருக்குது."

மெஹருன்னிசா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. மூக்கு ஸ்கிரீனில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"இடப்பக்கம் நீலம்ணா."

"நெசமாலுமா?"

மீட்டரை ஒட்டி வைத்தாள். தொண்ணூற்று நான்கு. கடையில் பிரித்த அன்று நூறு இருந்திருக்கும். ஐந்து வருடத்தில் அந்த ஸ்கிரீன் இழந்தது ஆறு. மூலையில் எரிவது நாற்பத்தொன்று. மிச்சம் முப்பத்தைந்து எங்கே என்று அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாச்சிமுத்து மெல்லச் சொன்னார்.

"பங்குனியில எங்க மச்சாண்டார் வீட்டுக் கண்ணாலம். எங்கூட்டுக்காரி ஒரு சேலை கட்டிட்டு வந்தா. நல்ல காரியத்துக்கு எதுக்குடி கறுப்புன்னு கேட்டுட்டேன். இது கருநீலம், உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு சம்பந்தகாரங்க முன்னாடியே கேட்டுப்போட்டா. நாந்தான் ஊருக்கே ஷேடு சொல்றவனாச்சே, விட்டுக் குடுக்கலே. ரெண்டு நாளு பேச்சில்ல."

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றது.

"அண்ணா, எந்துரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

நாச்சிமுத்துவுக்குப் போடுவதற்கென்று யாரும் புது ஸ்கிரீன் கொடுத்தனுப்பவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் ஒரு பெண்ணுக்கு மாற்றுவதற்கான புது லேப்டாப் அவள் பையில் இருந்தது. உறையைப் பிரித்தாள். மூலையில் பூஜ்யம்.

"புதுசு போட்டா, பத்து நிமிசம் அதுக்கு முன்னாடி உக்காந்து கண்ணப் பழக்கோணும். பழக்காம விட்டா அதுவாப் பழகறதுக்கு நாலஞ்சு வருசம் ஆகும். கம்பெனிப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"எனக்கு மூணு ஸ்கிரீன் குடுத்தீங்களே. ஒருக்காக்கூட என்னைய உக்கார வெக்கலையே."

"வெக்கறதில்லீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க எல்லாம் வேலையா இருப்பீங்க. கூப்புட்டா வர அரை மணி நேரம். அதனால போடறவங்களே உக்காந்துருவோம். எங்கிட்ட இருக்கற புள்ளைங்க எல்லாம் இருபது, இருபத்திரண்டு. அதுக உக்காந்து பழக்கிட்டு, ஆச்சுங்கன்னு குடுத்துட்டு வந்துரும். ஊரெல்லாம் அப்படித்தான்."

"அப்ப எனக்கு வந்தது அந்தப் புள்ள கண்ணுக்குப் பழகுன ஸ்கிரீன்."

"ஆமாங்க. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா உங்க கண்ணுக்கு நகந்து வந்திருக்குது. நாங்க அதத் தேயுதுன்னு எழுதியிருக்கறோம். உக்காருங்கண்ணா. இமையக் கொட்டலாம், தலைய மட்டும் அசைக்காதீங்க."

அவர் உட்கார்ந்தார். புது ஸ்கிரீனில் வண்ணங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. எண் நகர்ந்தது. நான்கு. ஒன்பது. பதினேழு. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்தைத் தாண்டும்போது எண் சிவப்பாக மாறியது. பத்து நிமிடம் முடிந்ததும் முப்பத்தைந்தில் வந்து நின்றது.

"ஒரு சாயா குடிக்கற நேரத்துல ஒரு ஸ்கிரீனத் தின்னுட்டனுங்களே" என்றார் நாச்சிமுத்து.

அந்த நேரத்தில்தான் தரணிதரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தரக்கட்டுப்பாட்டு மேனேஜர், முப்பத்தெட்டு வயது. மேசைமேல் இரண்டு லேப்டாப், இரண்டிலும் சிவப்பு எண்.

"என்ன மேடம், புதுசுலயே முப்பத்தஞ்சா? டிஃபெக்ட் பீஸ் கொண்டுவந்துட்டீங்களா?"

"பீஸ் நல்லாத்தான் இருக்குதுங்க சார்."

"நாச்சிமுத்துண்ணன் தொட்டா புதுசும் பழசாயிருமா? எந்துரிங்கண்ணா. அழிச்சுட்டு மறுபடி ஓட விடுங்க மேடம். நான் உக்காந்து காட்டறேன். சைபர்ல நிக்கலைன்னா கேளுங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் எண்ணை அழித்து மறுபடி ஓடவிட்டாள். தரணிதரன் முதல் மூன்று நிமிடம் பேசிக்கொண்டே இருந்தார். எண் பதினைந்தைத் தாண்டியபோது பேச்சு நின்றது. இருபதில் கழுத்தை நிமிர்த்தினார்.

"தலைய அசைக்காதீங்க தம்பி" என்றார் நாச்சிமுத்து. அலுவலகத்தில் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

இருபத்து மூன்று.

"என்னோட லேப்டாப்புல பதினாலுதான காட்டுது?" என்றார் தரணிதரன்.

"அது இன்னும் உங்களப் புடிக்கலீங்க சார். வந்துட்டிருக்குது. இருபத்து மூணத் தொட்டு, அதுக்கு மேல ரெண்டு பாயிண்டு போனா உங்களுக்கும் மொதல் ஸ்கிரீன் தேஞ்சிருச்சுன்னு நாங்க எழுதுவோம்."

அவள் நடந்ததைச் சொன்னாள். தழும்பு இல்லாததை, மீட்டர் காட்டிய தொண்ணூற்று நான்கை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக வயதாக மஞ்சளடிப்பதை, அந்த மஞ்சள் நீலத்தை உள்ளே விடாமல் நிறுத்துவதை. ஸ்கிரீனுக்குத் தன் நீலம் மங்கியதா, பார்ப்பவர் கண் மங்கியதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எதிரே ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை என்பதும், கூட்டிக் காட்டினால் பார்ப்பார் என்பதும்தான்.

"நோயா இது?" என்று கேட்டார் தரணிதரன்.

"நோயில்லீங்க. எல்லாத்துக்கும் வர்றதுதான்."

"ஆபரேஷன் பண்ணலாமல்ல?"

"நான் ஆவணியில கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்" என்றார் நாச்சிமுத்து. "புரை விழுகலீங்க, வயசுக்குத் தக்கன கண்ணு நல்லா இருக்குதுன்னு சொல்லி, சொட்டு மருந்து குடுத்து அனுப்பிச்சுட்டாங்க."

தரணிதரன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், இதை யாருகிட்டச் சொன்னீங்க?"

"இப்பத்தான் எனக்கே தெரியும்."

"அப்ப விட்டுருங்க. நாச்சிமுத்துண்ணன் இருக்கட்டும். லேப்டாப்பு பெருந்துறையிலதான் இருக்குதுன்னு நானே சொல்றேன், எத்தன வருசமானாலும் சொல்றேன். உங்க நீலத் தலைப்பு பாரத்துல, பரிசோதனைக்கு வரலைன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும்."

லேப்டாப்பில் தினமும் பார்க்கும் கறுப்புத் தலைப்பை நீலம் என்கிறாரே, பயத்தில் மனிதருக்கு நாக்குக் குழறுகிறது என்று நினைத்துக்கொண்டு மெஹருன்னிசா அதை விட்டுவிட்டாள்.

"உள்ளத எழுதுனா என்ன சார் ஆகும்?"

"என்ன ஆகுமா? இத்தன நாளு அந்த எண்ணு ஸ்கிரீனோடது. நாளைக்கு அது ஆளோடது. மூலையில எல்லாருக்கும் தெரியற மாதிரி எரியும். ஷேடு பாக்கறவர் கண்ணு முப்பத்தஞ்சுன்னு பையர் பாத்தா விடுவானா? வேலைக்கு வர்ற பசங்களயெல்லாம் பத்து நிமிசம் உக்கார வெச்சு எடுப்பாங்க. பொண்ணு மாப்பிள பாக்கறதுக்கும் கேப்பாங்க. ஸ்கிரீன் தேஞ்சா மாத்தலாம் மேடம். இத என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் முகத்தில் நிம்மதி வந்திருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. பிளாஸ்கைத் திறந்து மூன்று டம்ளரில் டீ ஊற்றினார். ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ருக்குமணியோட பழைய ஸ்கிரீன் இங்கிருந்து போயிருச்சுங்களா?"

பிரிண்ட் டிசைனில் இருந்த ருக்குமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. போன மாதம் மூன்றாவது ஸ்கிரீன் தேய்ந்து வீட்டுக்குப் போனவள். பாரத்தில் கையெழுத்து மெஹருன்னிசாவுடையது. அன்றைக்கு ருக்குமணி ஒன்றுமே கேட்கவில்லை. நான் மெதுவாத்தானுங்க தொடைப்பேன், நல்ல துணியில என்று மட்டும் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போற வண்டி மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் வரும்" என்றார் தரணிதரன். "ஸ்டோர்லதான் கெடக்கும். எதுக்கு இப்ப அது?"

நாச்சிமுத்துவே போய் எடுத்து வந்தார். மேலே ஒட்டிய சீட்டில் "தேய்ந்தது" என்று இருந்தது. மெஹருன்னிசா ஈட்டை நிறுத்தி, மீட்டரை ஒட்டி வைத்தாள்.

தொண்ணூற்று ஆறு.

"அந்தப் புள்ள ஸ்கிரீனத் தின்னுட்டான்னு கேண்டீன்ல நானே சிரிச்சிருக்கறேன்" என்றார் நாச்சிமுத்து. "எனக்கு மூணாவது ஓடிட்டிருக்கறப்பவே."

"அண்ணா, எழுதுனா நீங்க போகோணும்."

"ம்."

"எழுதாட்டி நீங்க இருக்கலாம். ருக்குமணிக்காவுக்குத் தான் ஒண்ணும் பண்ணலைங்கறது தெரியாமயே போயிரும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புன மத்தவங்களுக்கும்."

அவர் டம்ளரை அவளிடம் நீட்டினார். "அஞ்சு வருசத்துல நான் ஓகே பண்ணுன ஷேடு ஒண்ணாவது திரும்பி வந்திருக்குதுங்களா? மேனேஜரக் கேளுங்க."

தரணிதரன் தலையை ஆட்டினார். "ஒண்ணுகூட வரலீங்க."

"அதையும் சேத்தி எழுதுங்க. கண்ணு முப்பத்தஞ்சு, திரும்பி வந்தது ஒண்ணுமில்லைன்னு. ஸ்கிரீன் குடுக்கற கை, நான் வாங்கற கை, ரெண்டும் சேந்துதான் ஷேடு பாத்திருக்குது. அப்படிச் சொல்லியும் போன்னு சொன்னா, போறேன். அந்தச் சேலைக்கு மன்னிப்புக் கேக்கறதுக்கு வீட்டுல இருக்கறதும் நல்லதுதான்."

"அண்ணா, அவசரப்படாதீங்க" என்றார் தரணிதரன். பிறகு, "பேரெல்லாம் போட்டு எழுதுவீங்களா மேடம்? என்னோடதும்?"

"உங்களோடதுக்கு முன்னாடி ஒருத்தரோடது இருக்குதுங்க சார்."

மெஹருன்னிசா தன்னுடைய லேப்டாப்பைத் திறந்தாள். பரிசோதிக்கிறவர்களின் லேப்டாப்புக்குப் பரிசோதனை கிடையாது. எந்தக் கண்ணுக்கும் பழகாமல் இருக்க வேண்டும் என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அதன் கேமராமேல் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். லேப்டாப் மாறும்போதெல்லாம் டேப்பும் மாறி வந்தது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. புது ஸ்கிரீன்களுக்கு முன்னால் தான் உட்காருவதை நிறுத்தி, சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கத் தொடங்கி ஆறேழு வருடம் இருக்கும். ஏன் நிறுத்தினாள் என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். நேரமில்லை என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டாள்.

பரிசோதிக்கிறவரின் ஸ்கிரீனே இருபத்தைந்துக்கு மேல் போனால் அவருக்கு உரிமம் இல்லை. அது அவளே பலருக்குப் படித்துக் காட்டிய விதி.

நகத்தால் டேப்பை உரித்தாள். பாரத்தை ஸ்கிரீனின் ஒரு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கண் பழக்குவதை ஓட விட்டாள்.

"அண்ணா, எனக்கு மூலை தெரியாது, நான் நடுவுல பாக்கோணும். நீங்க எண்ணப் படிங்க."

"ஏழுங்க." நாச்சிமுத்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "பன்னண்டு. பதினெட்டு. இருவத்தொண்ணு."

தரணிதரன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"இருவத்தஞ்சு" என்றார் நாச்சிமுத்து. அப்புறம் சத்தமில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"செவந்திருச்சுங்க அம்மிணி."

"படிங்கண்ணா. மொத வரியில எழுதோணும்."

"இருவத்தேழு. இருவத்தொம்பது. இன்னும் ஏறுதுங்க."

அவள் தலையை அசைக்காமல் இருந்தாள். வண்ணங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் திறந்து கிடந்த பாரத்தில், அத்தனை கையெழுத்துக்கும் மேலே அவள் பார்த்துப் பழகிய அந்தக் கறுப்புத் தலைப்பு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.